டிக் டிக் சத்தம் கேட்டா கையை எடுங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவை நீக்கப்பட்டு, படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தப்பட்டுள்ளது.)

நேத்து ராத்திரி வரைக்கும் ஒழுங்கா வேலை செஞ்ச எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க், இன்னைக்குக் காலையில கம்ப்யூட்டர்ல சொருகினா திறக்க மாட்டேங்குது. அப்ப என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது? இதுதான் இன்னைக்கு விஷயம்.

டேட்டா ரெக்கவரி என்னோட தொழில். எங்களுக்கு வர்ற ஃபோன் பெரும்பாலும் ஒரே கேள்வியோடதான் ஆரம்பிக்கும். “சார், எந்த சாஃப்ட்வேர் போட்டா டேட்டா திரும்ப வரும்?” நான் பதிலுக்கு ஒண்ணு கேட்பேன். “இப்ப அந்த டிஸ்க் கம்ப்யூட்டர்லயே சொருகி இருக்கா?” ஆமான்னு சொன்னா, “முதல்ல அதைக் கழட்டுங்க, அப்புறம் பேசலாம்”னு சொல்வேன். சில பேருக்குக் கோபம் வரும். ஆனா அந்த ஒரு நிமிஷத்துலதான் பல டிஸ்க்கோட தலையெழுத்து முடிவாகுது.

கெட்டுப்போன டிஸ்க் இன்னும் எத்தனை மணி நேரம் படிக்கவிடும்னு யாராலயும் சொல்ல முடியாது. மிச்சம் இருக்கற அந்த நேரத்தை ஒரே ஒரு வேலைக்குத்தான் செலவழிக்கணும்: உள்ளே இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு நகல் எடுப்பது. ரிப்பேர், செக்கிங், ஃபோல்டரைத் திறந்து பார்க்கறது எல்லாம் அப்புறம், அந்த நகல்ல. இன்னைக்கு நான் சொல்லப்போற எல்லாமே இதுல இருந்து வர்றதுதான்.

உள்ளே என்ன நடக்குது

ஹார்ட் டிஸ்க்குக்குள்ள கண்ணாடி மாதிரி பளபளப்பான வட்டத் தட்டுகள் இருக்கும். நாம பையில போட்டுட்டுப் போற சின்ன எக்ஸ்டர்னல் டிஸ்க்ல அந்தத் தட்டு இரண்டரை அங்குலம். பெரும்பாலும் நிமிஷத்துக்கு 5,400 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 90 சுற்று சுத்தும். கணக்குப் போட்டுப் பார்த்தா, தட்டோட வெளி ஓரம் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல ஓடுது. நெடுஞ்சாலையில போற பஸ் வேகம்.

அந்தத் தட்டுமேல ஹெட்னு ஒண்ணு மிதந்துக்கிட்டே படிக்கும், எழுதும். பழைய கிராமஃபோன் ஊசி மாதிரி உரசிக்கிட்டுப் போகாது. தட்டு சுத்தறதால வர்ற காற்றழுத்தத்துல மிதக்கும். அந்த இடைவெளி சில நானோமீட்டர்தான். நம்ம தலைமுடியோட தடிமன் 50,000 நானோமீட்டருக்கு மேல. ஒரு தூசி, ஒரு கைரேகை, சிகரெட் புகையோட ஒரு துகள், இது எல்லாமே அந்த இடைவெளிக்கு மலை மாதிரி.

1956ல ஐபிஎம் வெளியிட்ட ராமாக்தான் உலகத்தோட முதல் ஹார்ட் டிஸ்க் கம்ப்யூட்டர். அதுல 24 அங்குல விட்டத்துல 50 தட்டு. அத்தனையும் சேர்ந்து 50 லட்சம் எழுத்துதான் பிடிக்கும். இன்னைக்கு ஃபோன்ல எடுக்கற ஒரு நல்ல ஃபோட்டோவுக்கே அது பத்தாது. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் அடிப்படை மாறவே இல்ல. சுத்துற தட்டு, மேல மிதக்கற ஹெட். எல்லாம் சின்னதாச்சு, இடைவெளி குறைஞ்சுது, அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்றேன்னா, ஒரு ஹெட் அடிபட்டு வளைஞ்சு தட்டை உரச ஆரம்பிச்சா, நொடிக்கு 90 தடவை அதே இடத்தை உரசும். ஒரு நிமிஷத்துல 5,400 கீறல். கீறின இடத்துல இருந்து வர்ற தூள் உள்ளேயே பறந்து மத்த ஹெட்டையும் கெடுக்கும். “இன்னொரு தடவை சொருகிப் பார்க்கலாமே”ங்கறதோட விலை இதுதான்.

காதால கண்டுபிடிக்கறது

டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைக்கற மாதிரி, நாங்க முதல்ல சத்தத்தைத்தான் கேட்போம். இதை வீட்டுலயே நீங்களும் செய்யலாம். ஒரே ஒரு தடவை, பத்து நொடி போதும்.

முதல் வகை: சத்தமே இல்ல, லைட்டும் எரியல. இது பயப்பட வேண்டாத வகையா இருக்கவும் வாய்ப்பு அதிகம். முதல்ல கேபிளை மாத்துங்க. இந்தச் சின்ன டிஸ்க்குல வர்ற அகலமான மைக்ரோ பி கேபிள், மூட்டுல சீக்கிரம் ஆட்டம் கண்டுடும். அடுத்து போர்ட். டெஸ்க்டாப் கேபினட்டோட முன்பக்க போர்ட்டுக்கு கரண்ட் ஒழுங்கா வராமப் போகலாம். பின்பக்கம் நேரா மதர்போர்டுல இருக்கற போர்ட்ல சொருகிப் பாருங்க. யூஎஸ்பி 2 போர்ட் 500 மில்லியாம்ப் தரும், யூஎஸ்பி 3 போர்ட் 900 தரும். டிஸ்க் சுத்த ஆரம்பிக்கற அந்த முதல் நொடிக்குத்தான் கரண்ட் அதிகம் வேணும். அது பத்தலன்னா, நல்ல டிஸ்க்குகூட கெட்ட டிஸ்க் மாதிரி நடிக்கும்.

தனி அடாப்டர் போடற பெரிய எக்ஸ்டர்னல் டிஸ்க்னா இன்னொரு விஷயம். அதுக்கு 12 வோல்ட் அடாப்டர். லேப்டாப் அடாப்டர் பொதுவா 19 வோல்ட். சில சமயம் ரெண்டோட பின்னும் ஒரே மாதிரி பொருந்தும். மேஜைக்கு அடியில கையை விட்டுத் தப்பானதை எடுத்துச் சொருகினா, ‘டப்’னு ஒரு சத்தம், லேசா தீஞ்ச வாசனை, முடிஞ்சுது. ஆனா இதுவும் பல நேரம் காப்பாத்தக்கூடிய கேஸ்தான். போர்டுல டிவிஎஸ் டயோடுனு ஒரு சின்ன பாகம், ஃப்யூஸ் மாதிரி தன்னைப் பலி கொடுத்து மத்ததைக் காப்பாத்தும். தெரிஞ்சவர் கையில கொடுத்தா தட்டைத் தொடாமலே டேட்டா வந்துடும்.

ரெண்டாவது வகை: டிஸ்க் சாதாரணமா சுத்துது, கம்ப்யூட்டரும் கண்டுபிடிக்குது, ஆனா “இதைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும்”னு ஒரு பெட்டி வருது. எந்த ஃபைல் எங்க இருக்குங்கற அட்டவணை கெட்டுப்போயிருக்கலாம். ஃபைல்கள் அப்படியே இருக்கவும் வாய்ப்பு இருக்கு. நூலகத்துல கேட்லாக் எரிஞ்சுபோச்சு, புத்தகம் அலமாரியிலயே இருக்குங்கற மாதிரி. அந்தப் பெட்டியில ‘கேன்சல்’ மட்டும் அழுத்துங்க.

மூணாவது வகை: திறக்குது, ஆனா ஆமை வேகம். ஒரு ஃபோல்டரைத் திறந்தா கம்ப்யூட்டரே உறைஞ்சுபோகுது. தட்டுல சில இடங்கள் படிக்க முடியாமப் போயிருக்கு. பேட் செக்டர்னு சொல்வோம். ஹெட் பலவீனமாகிட்டு வர்றதுக்கும் இதே அறிகுறிதான். ஒவ்வொரு செக்டரையும் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயற்சி செய்யுது. ஒவ்வொரு முயற்சியும் மிச்சம் இருக்கற ஆயுளைக் குறைக்குது.

நாலாவது வகைதான் இந்த எபிசோடோட தலைப்பு. டிக்... டிக்... டிக்... ஒரே தாளத்துல சத்தம். ஹெட் தட்டுமேல போகுது, படிக்க முடியல, திரும்பி வருது, மறுபடியும் போகுது. இல்லன்னா ‘பீப், பீப்’னு மெல்லிசா ஒரு முனகல். அது மோட்டார் சுத்த முயன்று முடியாமத் தவிக்கற சத்தம். கீழ விழுந்த டிஸ்க்குல இது அதிகம். ஹெட் தட்டுமேலயே ஒட்டிக்கிட்டு இருக்கலாம். நல்ல போர்ட், நல்ல கேபிள்ல சொருகியும் இந்தச் சத்தம் வந்தா, வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. கழட்டுங்க. துணியில சுத்தி வைங்க. திரும்பச் சொருகவே சொருகாதீங்க.

செய்யக்கூடாதவை

எங்ககிட்ட வர்ற டிஸ்க்குகள்ல பலதுக்கு முதல் அடியைவிட, அதைக் காப்பாத்தறேன்னு பண்ணின வேலைதான் பெரிய அடியா இருக்கும். அதனால கொஞ்சம் வரிசையா சொல்லிடறேன்.

செக் டிஸ்க் ஓட்டாதீங்க. விண்டோஸ்ல இருக்கற அந்தக் கருவியோட நோக்கம் டிஸ்க்கை ஒழுங்குபடுத்தறது. உங்க ஃபைலைக் காப்பாத்தறது அதோட வேலை கிடையாது. அட்டவணைக்குப் பொருந்தாத ஒண்ணைப் பார்த்தா வெட்டிப் போட்டுட்டு “சரி பண்ணிட்டேன்”னு சொல்லும். அதோட, சாகக் கிடக்கற டிஸ்க்குமேல எழுத வேற ஆரம்பிக்கும்.

ஃபார்மேட் பண்ணிட்டு ரெக்கவரி சாஃப்ட்வேர் போட்டா வந்துடும்னு சில பேர் சொல்வாங்க. க்விக் ஃபார்மேட்னா அட்டவணை மட்டும் புதுசாகும். ஆனா விண்டோஸ் விஸ்டாவுக்கு அப்புறம் வந்த எல்லாத்துலயும் முழு ஃபார்மேட் டிஸ்க் முழுக்கப் பூஜ்ஜியம் எழுதிடும். அதுக்கப்புறம் எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது.

ஃப்ரீஸர்ல வைக்காதீங்க. இணையத்துல ரொம்ப நாளா சுத்துற வைத்தியம் இது. குளிர்ந்த டிஸ்க்கை வெளிய எடுத்ததும் தட்டுமேல ஈரம் படியும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தண்ணி பாட்டில் வியர்க்கற மாதிரி. சில நானோமீட்டர் இடைவெளியில ஒரு நீர்த்துளி என்ன பண்ணும்னு யோசிச்சுக்கங்க. மேஜையில தட்டறது, ஆட்டறதும் வேண்டாம்.

மூடியைத் திறக்காதீங்க. யூடியூப்ல ஒருத்தர் திறந்து காட்டறார்னா, அவருக்கு அந்த டிஸ்க்ல இருக்கற டேட்டா தேவையில்லனு அர்த்தம்.

அதே மாடல் டிஸ்க் இன்னொண்ணு வாங்கி போர்டை மட்டும் மாத்திப் போடறதும் பலிக்காது. ரொம்பப் பழைய டிஸ்க்குல அது வேலை செஞ்சுது. இப்ப ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தொழிற்சாலையிலயே அளந்து பதிச்ச தனி அமைப்பு இருக்கு. அதுல ஒரு பகுதி போர்டுல இருக்கற சிப்ல இருக்கும். ஜாதகம் மாதிரி, ஒண்ணோடது இன்னொண்ணுக்குப் பொருந்தாது. அந்தச் சிப்பையும் எடுத்துப் புது போர்டுல ஒட்டணும். சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள்ல, நீங்க பாஸ்வேர்டே போடலன்னாலும், போர்டு எல்லாத்தையும் என்க்ரிப்ட் பண்ணித்தான் எழுதும். அந்த போர்டைத் தூக்கிப் போட்டுட்டா சாவியைத் தூக்கிப் போட்ட மாதிரி. அதனால டிஸ்க்கோட எந்தப் பாகத்தையும், பெட்டியைக்கூட எறியாதீங்க.

கடைசியா, ரெக்கவரி சாஃப்ட்வேர் கண்டுபிடிச்ச ஃபைலை அதே டிஸ்க்குலயே சேமிக்காதீங்க. மீட்ட ஃபைல், இன்னும் மீட்காத ஃபைல்மேல போய் உட்கார்ந்துடும்.

வீட்டுல செய்யக்கூடியது: முதல்ல நகல்

அப்ப வீட்டுல எதுவுமே செய்ய முடியாதா? முடியும். சத்தம் சாதாரணமா இருக்கற ரெண்டாவது, மூணாவது வகைக்கு மட்டும். அதுலயும் டேட்டா உயிருக்குச் சமம்னா நேரா நிபுணர்கிட்டயே போயிடுங்க.

இதுக்கு ஒரு அருமையான இலவசக் கருவி இருக்கு. பேரு குனூ டிடிரெஸ்க்யூ. லினக்ஸ்ல ஓடும். பென் டிரைவ்ல லினக்ஸ் போட்டு அதுல இருந்து கம்ப்யூட்டரை ஆரம்பிச்சாப் போதும், உங்க விண்டோஸை ஒண்ணும் பண்ணத் தேவையில்ல. கெட்ட டிஸ்க்கோட கொள்ளளவுக்குச் சமமா, இல்ல அதைவிடப் பெருசா இன்னொரு டிஸ்க் வேணும். லினக்ஸ்ல கெட்ட டிஸ்க்கோட ஃபோல்டரைத் திறந்து பார்க்காதீங்க. மவுண்ட் ஆகியிருந்தா அன்மவுண்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க.

சாதாரணமா காப்பி பண்ணும்போது என்ன ஆகும்? வரிசையாப் போகும். ஒரு கெட்ட இடம் வந்தா அங்கேயே மாட்டிக்கிட்டு முட்டும். டிடிரெஸ்க்யூ அப்படிப் பண்ணாது. தீப்பிடிச்ச வீட்டுல, கையில கிடைக்கறதை முதல்ல வெளிய போட்டுட்டு, பூட்டின பீரோவை அப்புறம் பார்க்கற ஆள் மாதிரி. முதல் சுற்றுல நல்லாப் படிக்கற இடங்களை எல்லாம் பெரிய பெரிய துண்டா எடுத்துடும். தகராறு பண்ற இடத்தைத் தாண்டிப் போயிடும். அப்புறம் திரும்பி வந்து அந்த இடங்களோட ஓரத்தைச் சுரண்டும். கடைசியாத்தான் செக்டர் செக்டரா முயற்சி செய்யும். எது கிடைச்சுது, எது கிடைக்கலனு ஒரு மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே வரும். நடுவுல கரண்ட் போனாலும், டிஸ்க் சூடாகி நீங்க நிறுத்தினாலும், விட்ட இடத்துல இருந்து தொடரும். அந்த மேப் ஃபைலைப் பத்திரமா வேற டிஸ்க்குல வைங்க.

ஒரு எச்சரிக்கை. எதுல இருந்து, எதுக்குங்கற ரெண்டையும் மாத்திக் கொடுத்துட்டா, காலி டிஸ்க்குல இருக்கற வெறுமை உங்க டேட்டாமேல போய் உட்காரும். டிஸ்க்குமேல ஒட்டியிருக்கற மாடல் பேரையும் சீரியல் நம்பரையும் திரையில வர்றதோட ரெண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்துட்டு அப்புறம்தான் என்டர் தட்டணும்.

எவ்வளவு நேரம் ஆகும்? நல்ல நிலையில இருக்கற 1 டிபி டிஸ்க், நொடிக்கு 100 எம்பி வேகத்துல மூணு மணி நேரத்துக்குள்ள முடியும். அடிபட்ட டிஸ்க்குக்கு நாள் கணக்காகும். நடுவுல டிக் சத்தம் ஆரம்பிச்சா அந்த நொடியே நிறுத்திடுங்க. அதுவரைக்கும் எடுத்தது உங்க கையில இருக்கும்.

நகல் முடிஞ்சதும் கெட்ட டிஸ்க்கைக் கழட்டி வெச்சுடுங்க. இனி எல்லா விளையாட்டும் நகல்லதான். தப்பாப் போனா என்ன, நகலுக்கு இன்னொரு நகல் எடுத்துக்கலாம். பார்ட்டிஷன் காணாமப் போயிருந்தா டெஸ்ட்டிஸ்க்னு ஒரு கருவி. அட்டவணையே இல்லன்னா ஃபோட்டோரெக். ரெண்டும் இலவசம். ஃபோட்டோரெக் ஃபைல் பேரைப் பார்க்காது. ஒவ்வொரு வகை ஃபைலும் ஆரம்பத்துல ஒரே மாதிரி அடையாளத்தோட தொடங்கும். ஜேபெக் படத்துக்கு ஒரு அடையாளம், பிடிஎஃப்புக்கு ஒரு அடையாளம். அதைத் தேடித் தேடி எடுக்கும். படம் கிடைக்கும், ஆனா பேரும் ஃபோல்டரும் போயிடும். பெரிய வீடியோ டிஸ்க்ல துண்டு துண்டா சிதறியிருந்தா முழுசாக் கிடைக்காமலும் போகலாம்.

எந்த ஃபோல்டர் முதல்ல?

ஒரு கேஸ் சொல்றேன். ஆள் யாருன்னு சொல்ல மாட்டேன். வட மாவட்டத்துல தெருக்கூத்து ஆடற குடும்பம். பெரியவர் பல வருஷமா தன்னோட ஜமாவையும் சுத்துவட்டாரக் கலைஞர்களையும் மினி டிவி கேமராவுல பதிவு பண்ணி வெச்சிருந்தார். கேசட்ல பூஞ்சை பிடிக்க ஆரம்பிச்சதும், எல்லாத்தையும் ஒரு 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க்குல ஏத்திட்டு கேசட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க. சுமார் 60 மணி நேரம். மினி டிவி பதிவு மணிக்கு 13 ஜிபி வரும். ஆக 780 ஜிபி. வேற எங்கயும் நகல் இல்ல.

டிஸ்க் மெதுவாச்சு. பக்கத்து ஊர்ல ஒரு கடையில கொடுத்திருக்காங்க. அவங்க ரெண்டு நாள் ஏதோ ஒரு சாஃப்ட்வேரை டிஸ்க்குமேலயே ஓட்டியிருக்காங்க. எங்ககிட்ட வரும்போது ஹெட் ரொம்பப் பலவீனம். நொடிக்கு 10 எம்பி வந்தா பெரிய விஷயம். எப்ப நிக்கும்னு தெரியாது.

இந்த மாதிரி டிஸ்க்குக்கு நாங்க தனி ஹார்ட்வேர் வெச்சிருக்கோம். பவரை நாமே கட்டுப்படுத்தலாம், ஒரு செக்டருக்கு எவ்வளவு நேரம் காத்திருக்கணும்னு சொல்லலாம். முதல்ல ஃபைல் அட்டவணையை மட்டும் படிச்சு எடுத்தோம். அது வந்துட்டா, டிஸ்க் முழுக்க அலைய வேண்டாம். எந்த ஃபைல் வேணுமோ அந்த இடத்துக்கு மட்டும் போகலாம். அட்டவணையை அச்செடுத்து அவர்கிட்ட கொடுத்தேன்.

“ஐயா, எல்லாம் வரும்னு சொல்ல முடியாது. எது முதல்ல வேணும்? வரிசை போட்டுக் கொடுங்க”னு கேட்டேன்.

விடிய விடிய ஆடின கர்ணன் மோட்சம் அதுல இருந்துச்சு. அவரே கர்ணன் வேஷம் கட்டினது. அதைத்தான் கேட்பார்னு நெனச்சேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். பேனாவால ஒண்ணுன்னு போட்டது ஒரு மூணு மணி நேரப் பதிவுக்கு. திண்ணையில உட்கார்ந்து ஒரு முகவீணைக்காரர் வாசிச்சுக் காட்டறது. கூட்டம் இல்ல, வேஷம் இல்ல.

“தம்பி, கர்ணன் மோட்சம் பாட்டெல்லாம் நோட்டுல இருக்கு. என் பையனுக்கு மனப்பாடம். நாளைக்கே ஆடிக் காட்டுவான். இந்த மனுஷன் போயிட்டாரு. இவர் விரல் போற மாதிரி வாசிக்க எங்க பக்கம் ஆள் இல்ல. இது வேற எங்கயும் கிடையாது.”

39 ஜிபி. ஒரு மணி நேரத்துல முடிய வேண்டியது ஒன்றரை நாள் ஆச்சு. சில இடத்துல ஒரு நொடி, ரெண்டு நொடி படம் கட்டம் கட்டமா உடையும். வாசிப்பு கிட்டத்தட்ட முழுசா வந்துடுச்சு. அடுத்து அவர் போட்ட வரிசையிலயே போனோம். நாலாவது நாள் ஹெட் நின்னுபோச்சு. அப்புறம் வேற ஒரு டிஸ்க்குல இருந்து ஹெட் எடுத்துப் போட்டு இன்னும் கொஞ்சம் எடுத்தோம். மொத்தத்துல பாதிக்குக் கொஞ்சம் மேல. கர்ணன் மோட்சத்துல கடைசி ரெண்டு மணி நேரம் வரவே இல்ல.

அன்னையில இருந்து எல்லார்கிட்டயும் அவர் சொன்ன மாதிரியே கேட்கறேன். “எது முக்கியம்?”னு கேட்டா எல்லாரும் “எல்லாமே”ன்னுதான் சொல்வாங்க. “இதுல வேற எங்கயும் இல்லாதது எது?”ன்னு கேட்டா, யோசிச்சு ஒரு ஃபோல்டர் சொல்வாங்க. சினிமா திரும்பக் கிடைக்கும். சாஃப்ட்வேர் திரும்பக் கிடைக்கும். கல்யாண ஃபோட்டோகூட ஸ்டுடியோக்காரர்கிட்டயோ, மாமா வீட்டு பென் டிரைவ்லயோ இருக்கலாம்.

நிபுணர்கிட்ட போகும்போது

டிக் சத்தம் வர்ற டிஸ்க்கைத் திறக்கறதுக்குத் தூசி வடிகட்டின காற்று வீசற மேஜையோ அறையோ வேணும். கடைக்காரர் கவுன்டர்லயே ஃபேன் காத்துல திறக்கப் போனா, டிஸ்க்கை வாங்கிட்டு வந்துடுங்க. கொடுக்கறதுக்கு முன்னாடி நாலு கேள்வி கேளுங்க. பார்த்துச் சொல்றதுக்குக் கட்டணம் எவ்வளவு? டேட்டா வரலன்னா எவ்வளவு? பணம் கட்டறதுக்கு முன்னாடி வந்த ஃபைல் பட்டியலைக் காட்டுவீங்களா? என் டேட்டாவோட நகலை எப்ப அழிப்பீங்க? இதுக்கு நேரா பதில் சொல்றவர்கிட்ட கொடுங்க. பார்க்காமலே “நூறு சதவீதம் எடுத்துடலாம்”னு சொல்றவர்கிட்ட கொடுக்காதீங்க. டிஸ்க்குக்கு வாரன்டி இருந்தா புது டிஸ்க் தருவாங்க. உள்ளே இருந்த டேட்டாவுக்கு அது பொறுப்பு கிடையாது. பிட்லாக்கர் போட்டிருந்தா அந்த ரெக்கவரி கீயையும் தேடி எடுத்துட்டுப் போங்க. அது இல்லாம நகல் எடுத்தும் பிரயோஜனம் இல்ல.

நனைஞ்ச டிஸ்க் பத்தித் தனியா சொல்லணும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர்ல தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளம், நாம பார்த்துட்டோம். சாதாரண ஹார்ட் டிஸ்க்குல காற்று போய்வர ஒரு சின்ன ஓட்டை இருக்கு. அது வழியா தண்ணி உள்ளே போகும். அதை வெயில்ல காய வைக்காதீங்க, அரிசியில புதைக்காதீங்க, ஹேர் டிரையர் காட்டாதீங்க. தண்ணி காஞ்சாலும் அதுல இருந்த சேறும் உப்பும் தட்டுலயே ஒட்டிக்கும். ஈரத்துணி சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல காத்துப் புகாம மூடி, அப்படியே கொண்டு வாங்க. கரண்ட் மட்டும் கொடுத்துடாதீங்க.

நம்பிக்கைக்கு ஒரு உதாரணம். 2003 பிப்ரவரி 1ல கொலம்பியா விண்கலம் சிதறினது எல்லாருக்கும் தெரியும். அதுல செனான் வாயுவை வெச்சு நடந்த ஒரு பரிசோதனையோட தகவல் இருந்த ஹார்ட் டிஸ்க், வறண்டுபோன ஏரிப் படுகையில கிடைச்சுது. போர்டு கருகி, மூடியோட சீல் உருகி, உள்ளே அழுக்கு போயிருந்துச்சு. ஆனா தகவல் எழுதியிருந்த இடத்துல தட்டு ஆழமாக் கீறுபடல. தட்டுகளைச் சுத்தம் பண்ணி வேற டிஸ்க்குக்கு மாத்தி, சுமார் 99 சதவீதத்தை எடுத்துட்டாங்க. 2008ல அந்த ஆய்வு முடிவு ஒரு இயற்பியல் இதழ்ல வெளிவந்துச்சு. வானத்துல இருந்து விழுந்த டிஸ்க் பிழைச்சுது. டிக் சத்தத்தோட ரெண்டு நாள் ஓடின டிஸ்க் பிழைக்காமப் போகலாம். தட்டுல கீறல் விழுந்துச்சா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்.

முன்கூட்டியே தெரியுமா?

ஓரளவு தெரியும். ஒவ்வொரு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறிச்சு வைக்கும். ஸ்மார்ட்னு பேரு. விண்டோஸ்ல கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி இலவசக் கருவியில பார்க்கலாம். அதுல 5, 197, 198ங்கற மூணு வரியைப் பாருங்க. அங்க பூஜ்ஜியத்துக்கு மேல ஏதாவது வந்து, அது ஏறிக்கிட்டே போனா, இன்னைக்கே நகல் எடுங்க.

ஆனா அதை மட்டும் நம்பி இருக்காதீங்க. 2007ல கூகுள் தன்னோட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வெச்சு ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. தட்டைப் பரிசோதிக்கும்போது முதல் பிழை தெரிஞ்ச டிஸ்க், அடுத்த 60 நாள்ல சாகற வாய்ப்பு, பிழையே இல்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். அதே ஆய்வுல இன்னொண்ணும் இருக்கு. செத்துப்போன டிஸ்க்குகள்ல பாதிக்கும் மேல, முக்கியமான அந்த ஸ்மார்ட் குறியீடுகள் எதையும் காட்டாமலேதான் செத்துச்சு. எச்சரிக்கை வந்தா நம்புங்க. வரலன்னா டிஸ்க் நல்லா இருக்குனு அர்த்தம் இல்ல.

நிறைய பேர், “பேக்கப் இருக்கு சார், எக்ஸ்டர்னல்ல போட்டிருக்கேன்”னு சொல்வாங்க. கேட்டுப் பார்த்தா லேப்டாப்ல இடம் பத்தலன்னு அங்க அழிச்சுட்டு இங்க நகர்த்தியிருப்பாங்க. அது பேக்கப் இல்ல. இருந்த ஒரே பிரதியை, பையில போட்டுத் தூக்கிட்டுப் போற, கீழ விழக்கூடிய ஒரு பெட்டிக்கு மாத்தியிருக்காங்க. ரெண்டு இடத்துல இருந்தாத்தான் பேக்கப். மூணாவது ஒண்ணு வேற ஊர்லயோ கிளவுட்லயோ இருந்தா வெள்ளம் வந்தாலும் கவலை இல்ல.

ஒரு டிபியையும் இன்னைக்கே நகல் எடுங்கன்னு சொன்னா யாரும் செய்ய மாட்டீங்க, எனக்குத் தெரியும். அதனால சின்னதா ஆரம்பிங்க. உங்க டிஸ்க்கைத் திறந்து, அந்தக் கூத்துக்காரப் பெரியவர் மாதிரி பேனாவை எடுத்து, வேற எங்கயும் இல்லாததுன்னு ஒரே ஒரு ஃபோல்டருக்கு ஒண்ணுன்னு போடுங்க. பெரும்பாலும் அது சில ஜிபிதான் இருக்கும். அதை மட்டும் இந்த வாரத்துக்குள்ள இன்னொரு இடத்துல வைங்க. மத்தது அடுத்த வாரம்.

இந்த எபிசோட் பத்திக் கேள்வி இருந்தா எழுதுங்க. எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு இதுக்கெல்லாம் தட்டும் கிடையாது, ஹெட்டும் கிடையாது, சத்தமும் வராது. அதோட கதையே வேற. அதை அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.